யாரும் வைக்காத பெயரை வைப்பதற்கு முன்

சேந்தமங்கலம் வட்டாரத்தில் குழந்தைக்குப் பெயர் வைப்பது என்றைக்குமே அப்பா அம்மா இருவர் மட்டும் எடுக்கும் முடிவாக இருந்ததில்லை. குலதெய்வத்துக்கு ஒரு பங்கு உண்டு. தாத்தா பாட்டிக்கு ஒரு பங்கு. நட்சத்திரம் பார்த்து முதல் எழுத்துச் சொல்லும் சோசியருக்கு ஒரு பங்கு. தொட்டிலில் போட்டுக் காதில் மூன்று முறை பெயர் சொல்லும் அத்தைக்கு அதைவிடப் பெரிய பங்கு. நைனாமலைப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பையனுக்கு வரதராஜன் என்று வைத்துவிடுவார்கள். அதில் யாருக்கும் மறுபேச்சு கிடையாது. பாட்டிகள் பாவாயி, நல்லாயி, செல்லாயி என்று இருந்தார்கள். பேத்திகள் யாழினி, மகிழினி, தன்யஸ்ரீ என்று வளர்கிறார்கள். இந்த வரிசைக்குள் எங்கும் அடங்காத ஒரு பெயரை நீங்கள் வைக்க விரும்பினால், உங்களுக்காக எழுதியது இந்த அத்தியாயம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அபூர்வமான பெயர் வைப்பதில் தவறே இல்லை. பெயரின் புதுமையால் எந்தக் குழந்தையும் வாடிப்போவதில்லை. கேட்டவர் வாயில் நுழையாத உச்சரிப்பு வாட்டும். ‘ஏன் இந்தப் பேரு?’ என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லாத நிலை வாட்டும். ஒரு தாளில் ஒரு விதமாகவும் இன்னொரு தாளில் வேறு விதமாகவும் எழுதப்பட்டு, வளர்ந்த பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைய வைப்பது எல்லாவற்றையும்விட வாட்டும்.

உச்சரிப்பைப் பற்றிச் சொன்னது வெறும் ஊகம் இல்லை. சைமன் லாஹம், பீட்டர் கோவல், ஆடம் ஆல்டர் என்ற மூன்று உளவியலாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், எளிதாக உச்சரிக்க முடிந்த பெயர் உள்ளவர்கள்மீது மற்றவர்களுக்கு எளிதில் நல்லெண்ணம் வருவதைக் கண்டார்கள். பெயர் நீளமா, அயல்நாட்டுப் பெயரா, அபூர்வமானதா என்பதையெல்லாம் தனியே பிரித்துக் கணக்கிட்டபோதும் அந்த முடிவு மாறவில்லை. ஆகவே, யாரும் வைக்காத பெயராக இருக்கலாம். ஆனால் யாராலும் சொல்ல முடியாத பெயராக இருக்கக் கூடாது.

ஓரி என்று வைத்தால்

நம் ஊர்ப் பெயர் ஒன்றையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. செம்மேட்டில் வில்லோடு சிலையாக நிற்கிறான். ஆடி 17, 18 தேதிகளில் அவன் பெயரால் அரசு விழா நடக்கிறது. புறநானூற்றில் வன்பரணர் அவனைப் பாடியிருக்கிறார். சிறுபாணாற்றுப்படை எண்ணும் கடையெழு வள்ளல்களில் அவனும் ஒருவன். இவ்வளவு பெருமை இருந்தும், “டேய் ஓரி, சாப்பிட வாடா” என்று ஒரு வீட்டு வாசலில் கூப்பிடும் குரலை நீங்கள் கேட்பது அரிது.

அந்த ஏழு வள்ளல்களின் பெயரையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் நமக்கு நல்ல பாடம் கிடைக்கும். பாரி இன்றைக்கு ஊர் ஊராக இருக்கிறான். தருமபுரிப் பக்கம் அதியமானைப் பார்க்கலாம். பேகனும் நள்ளியும் அரிது. ஆய் என்பவன் எவ்வளவு பெரிய கொடையாளியாக இருந்தாலும், அந்தப் பெயரை இன்று எந்தத் தாயும் வைக்க மாட்டாள். பால்வாடிப் பிள்ளைகள் அந்தச் சொல்லை எதற்குச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். காரிக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஓரியைப் போரில் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தவன் முள்ளூர் மன்னன் காரி. மதுரையிலோ தஞ்சையிலோ காரி என்று வைத்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. செம்மேட்டுத் தமிழாசிரியர் கட்டாயம் கேட்பார். ஒரே காலத்து ஏழு பெயர்களில் எது புழங்குகிறது, எது புழங்கவில்லை என்பதைத் தீர்மானிப்பது பெருமை மட்டும் இல்லை. இன்றைக்கு அந்த ஒலி காதில் எப்படி விழுகிறது, எந்த ஊரில் விழுகிறது என்பதும்தான்.

ஓரி என்ற பெயர் எப்படி விழும்? இரண்டே எழுத்து. வடக்கே இருப்பவர்களாலும் வெளிநாட்டாராலும் தடங்கலில்லாமல் சொல்ல முடியும். ரோகிணி நட்சத்திரத்துக்குப் பஞ்சாங்கத்தில் ஒ, வ, வி, வு என்று போட்டிருப்பார்கள். அந்த நட்சத்திரத்தில் பிறந்த பையன் என்றால் சோசியரையும் சம்மதிக்க வைத்துவிடலாம். எதிர்ப்பக்கமும் பார்த்துவிட வேண்டும். பழைய அகராதியைப் புரட்டினால் ஓரி என்பதற்கு ஆண் நரி என்றும் குதிரையின் பிடரிமயிர் என்றும் பொருள் போட்டிருக்கும். உறவுக்காரர் யாராவது ஒருநாள் அதைத் தேடிப் பிடித்துச் சொல்வார். பள்ளியில் “ஓரி, ஓரமாப் போடா” என்று ஒருவன் சொல்வான். ஆங்கிலத்தில் ஓ, ஆர், ஐ என்று மூன்றெழுத்தாக எழுதினால் ‘ஒரி’ என்று குறுக்கிப் படிப்பவர்கள் இருப்பார்கள். இவை எல்லாம் முன்கூட்டித் தெரிந்திருந்தால் ஒன்றும் பெரிதில்லை.

எதிர்வினையில் பெரும்பங்கு முதல் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. சேந்தமங்கலம் பேருந்து நிலையத்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஆயா கேட்பது இப்படித்தான் போகும்:

“உம் பேரென்ன சாமி?”

“ஓரிங்க.”

“ஓரியா? இதென்ன பேரு, கேள்விப்பட்டதே இல்லியே?”

“நம்ம கொல்லிமலைய ஆண்ட ராசா பேருங்க ஆயா. ஒரே அம்புல ஆனை, புலி, மான், பன்னி, உடும்பு அஞ்சையும் அடிச்சவருங்க.”

“அடேயப்பா!”

அந்த ‘அடேயப்பா’ வந்துவிட்டால் அந்தக் குழந்தைக்குப் பெயர் பலமாகிவிடுகிறது. அதே இடத்தில் குழந்தை தலையைக் குனிந்துகொண்டு “எங்கப்பா வெச்சாருங்க” என்று மட்டும் சொன்னால், கேட்டவர் சிரித்துவிட்டுப் போவார். அடுத்த முறை குழந்தை பெயரைச் சொல்லவே தயங்கும். பெயர் ஒன்றுதான், அதைத் தாங்கும் கதை இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். ஆகவே இந்த அத்தியாயத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள்: பெயரைத் தீர்மானிக்கும் முன், அதன் காரணத்தை ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஒரு வாக்கியமாக, ஐந்து வயதுக் குழந்தையின் சொற்களில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் பெயரை மறுபடி யோசியுங்கள். ‘நெட்டுல பாத்தோம்’, ‘ரெண்டு பேர் பேர்லருந்தும் ரெண்டு எழுத்து எடுத்தோம்’, ‘எண்கணிதக்காரர் சொன்னார்’ என்பவை காரணங்கள்தாம். ஆனால் அவற்றைச் சொல்லி ஒரு குழந்தை நிமிர்ந்து நிற்க முடியாது. மழை என்று பெயர் வைத்தாலும் சரி, குறிஞ்சி என்று வைத்தாலும் சரி, அது பிறந்த நாளின் நினைவோ பாட்டியின் தோட்டமோ ஏதோ ஒன்று அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

கூப்பிட்டுப் பாருங்கள்

மேகாலயாவின் காசி மலையில் கோங்தாங் என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் தாய் ஒரு தனி மெட்டைக் கட்டிக் கொடுக்கிறாள். காட்டிலும் மேட்டிலும் தூரத்தில் இருப்பவரை அந்த மெட்டாலேயே கூப்பிடுகிறார்கள். மலையில் வாழ்பவர்களுக்குப் பெயர் என்பது முதலில் தூரத்துக்குக் கேட்க வேண்டிய ஒலி. கொல்லிமலையில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு மேட்டுக் காட்டிலிருந்து எதிர்மேட்டுக் காட்டுக்குக் கூப்பிடும்போது கடைசி எழுத்தை இழுக்க முடிகிற பெயர்தான் போய்ச் சேரும். பாவாயி, செல்லாயி, ராமாயி என்ற பெயர்களின் அமைப்பைக் கவனியுங்கள். எல்லாம் இழுத்துக் கூப்பிட வாகானவை. ஓரி என்பதையும் அப்படியே இழுக்கலாம். நிஷ்விக், தக்ஷித் போன்றவை தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஆகவே வீட்டு வாசலில் நின்று, தெருக்கோடிவரை கேட்கும்படி பெயரை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். கூச்சம் வந்தால், அந்தக் கூச்சத்தைக் கவனியுங்கள். பிள்ளைக்கும் அதே கூச்சம் வரக்கூடும். பிறகு தொலைபேசியில் ஒருவரிடம் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். மூன்று பேரிடம் சொல்லி மூன்று விதமாக எழுதி வந்தால் அந்தப் பெயருக்கு ஆயுள் முழுக்க இதே கதிதான். நம் மாவட்டத்தில் இன்னொரு சோதனையும் இருக்கிறது. லாரி வைத்திருப்பவர்கள் பிள்ளைகள் பெயரை வண்டி முகப்பில் எழுதுவது வழக்கம். பெயிண்டரிடம் வாயால் மட்டும் சொல்லி எழுதச் சொன்னால், அவர் என்ன எழுதுகிறாரோ அதுதான் ஊர் எழுதப்போவது.

ழகரம் உள்ள பெயர் வைக்கும் பெற்றோரை நான் மிகவும் மதிக்கிறேன். எழிலன், யாழினி, கயல்விழி, மகிழன் எல்லாம் அழகான பெயர்கள். ஆனால் ஆங்கிலத்தில் ழகரத்துக்கு ‘இசட், ஹெச்’ போடுவதா, ‘எல்’ போடுவதா என்பதைப் பெயர் வைக்கும் நாளிலேயே தீர்மானித்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அப்பா ஒருவிதம், சித்தப்பா ஒருவிதம் எழுதத் தொடங்கினால் அது சான்றிதழ்வரை போய்விடும்.

முன்னெழுத்தோடு சேர்த்துப் படியுங்கள்

தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; முன்னெழுத்துத்தான். அது பெயரோடு ஒட்டிக்கொண்டு என்ன செய்கிறது என்று பார்க்காமல் பெயர் வைப்பவர்கள் அதிகம். அப்பா பெயர் மூர்த்தி, மகள் பெயர் தேவி என்று வையுங்கள். இரண்டும் நல்ல பெயர்கள். வருகைப் பதிவேட்டில் மூ.தேவி என்று எழுதி ஆசிரியர் வேகமாகப் படித்தால் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். நாகராஜன் மகள் யாழினி, நா.யாழினி ஆவாள், முதல் இரண்டு எழுத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். 2021-இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களும் அரசு ஊழியர்களும் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. நல்ல ஆணை. அதனாலேயே இந்தச் சோதனை முன்பைவிடத் தேவையாகிவிட்டது. இப்போது அம்மா பெயரின் எழுத்தையும் சேர்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் முன்னால் போட்டும், மாற்றிப் போட்டும், புள்ளி இல்லாமலும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கொள்கைக்காக வைக்கும் பெயர்

நம் பக்கத்து மாவட்டமான சேலத்தில் 2021 ஜூன் மாதம் ஒரு திருமணம் நடந்தது. அழைப்பிதழ் உலகம் முழுக்கச் சுற்றியது. மணமகன் பெயர் சோசலிசம். மணமகளுக்கு அன்றைய மேற்கு வங்க முதலமைச்சரின் பெயரே பெயர். மணமகனின் அண்ணன்கள் கம்யூனிசம், லெனினிசம். தந்தை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சேலம் மாவட்டச் செயலாளர் மோகன். சோவியத் ஒன்றியம் உடைந்து, கம்யூனிசம் செத்துவிட்டது என்று எல்லோரும் பேசிய காலத்தில், அது தன் வீட்டில் உயிரோடு இருக்கும் என்ற உறுதியில் மூத்த மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார். சிரித்தவர்கள் நிறையப் பேர். நான் இதில் பார்ப்பது வேறு. அந்தப் பிள்ளைகளுக்குக் காரணம் தெரிந்திருந்தது. வீடு முழுக்க அந்தக் காரணத்தை நம்பியது. அடுத்த தலைமுறையிலும் மார்க்சிசம் என்று ஒரு பேரன் வந்துவிட்டான். பெயர் சுமையாக இருந்திருந்தால் அடுத்த தலைமுறைக்கு அது போயிருக்காது.

இந்த வழக்கத்துக்குத் தமிழ்நாட்டில் வயது அதிகம். 1932-இல் சோவியத் நாட்டைப் பார்த்துவிட்டு வந்த பெரியார், தொண்டர்களின் குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெயர் வைத்தார். 1953 மார்ச் 1 அன்று பிறந்த மகனுக்கு, சில நாளில் இறந்துபோன சோவியத் தலைவரின் பெயரைக் கருணாநிதி இரங்கல் கூட்டத்திலேயே சூட்டினார். அந்தப் பெயரைக் காரணம் காட்டிச் சென்னையில் ஒரு பள்ளி சேர்க்கத் தயங்கியதையும், பெயரை மாற்றுவதைவிடப் பள்ளியை மாற்றிக்கொள்கிறேன் என்று தந்தை முடிவெடுத்ததையும் மு.க.ஸ்டாலினே மேடைகளில் சொல்லியிருக்கிறார். இது பெற்றோருக்கான செய்தி. அபூர்வப் பெயர் வைத்துவிட்டு, முதல் எதிர்ப்பு வந்ததும் “வேணும்னா மாத்திக்கலாங்க” என்று நீங்களே தளர்ந்தால், குழந்தை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

இன்று அபூர்வமாகத் தெரிவது என்றைக்கும் அப்படியே இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனபோதும், இராமையா அன்பழகன் ஆனபோதும், அந்தப் பெயர்கள் காதுக்குப் புதியவையாகத்தான் இருந்திருக்கும். இன்று அன்பழகன் என்ற பெயரைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் நிகழ்ச்சிக்காக வைக்கும் பெயரில் எச்சரிக்கை வேண்டும். 2020 ஊரடங்கின்போது ராய்ப்பூரில் பிறந்த இரட்டையருக்குக் கொரோனா, கோவிட் என்று பெயர் வைத்ததாகச் செய்தி வந்தது. கஷ்டத்தைத் தாண்டிப் பிறந்த மகிழ்ச்சியில் வைத்தார்கள். அந்த மகிழ்ச்சி பெற்றோருக்குத் தெரியும்; பெயரைக் கேட்பவர்களுக்கு நோய்தான் நினைவுக்கு வரும்.

சில பெயர்களை வைக்கவே கூடாது

நான் விட்டுக்கொடுக்காத இடம் இது. பெண் குழந்தைக்கு ‘வேண்டாம்’ என்றும் ‘போதும்பொண்ணு’ என்றும் பெயர் வைத்த வழக்கம் நம் மாநிலத்தில் இருந்தது. அப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை. திருத்தணிக்கு அருகில் நாராயணபுரம் கிராமத்தில் ‘வேண்டாம்’ என்ற பெயரோடே வளர்ந்த ஒரு மாணவி பொறியியல் படித்து, 2019-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்றில் வேலைக்குத் தேர்வானார். திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் அவரைப் பெண் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் தூதராக அறிவித்தது. அவர் வென்றார் என்பதில் நமக்கெல்லாம் மகிழ்ச்சி. ஆனால் பள்ளியில் ஒவ்வொரு நாளும் வருகை எடுக்கும்போது ‘வேண்டாம்’ என்று கூப்பிட்டு, ‘உள்ளேன்’ என்று பதில் சொல்ல வைத்த அத்தனை வருடங்களை யார் திருப்பித் தருவது? மகாராஷ்டிரத்தில் சாத்தாரா மாவட்டம் 2011-இல் ஒரு விழா எடுத்து, இதே பொருள்படும் ‘நகூசா’ என்ற பெயரோடு இருந்த 285 சிறுமிகளுக்குப் புதுப் பெயர் சூட்டியது. பாராட்ட வேண்டிய வேலை.

நம் பகுதிக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. நாமக்கல் அப்போது அந்த மாவட்டத்துக்குள் இருந்தது, 1997-இல்தான் பிரிந்தது. அந்த நினைவு உள்ள மண்ணில், வேண்டாத பிள்ளை என்று சொல்லும் எந்தப் பெயரும் விளையாட்டுக்குக்கூட வரக் கூடாது. செல்லமாகக் கூப்பிடும் பெயராகவும் வேண்டாம்.

பிச்சை, குப்பை, மூக்கன், மூக்காயி என்ற பெயர்களை இதோடு சேர்க்க மாட்டேன். முதலில் பிறந்தவை தங்காமல் போன வீட்டில், இந்தப் பிள்ளையாவது நிலைக்கட்டும் என்று குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தார்கள், தவிட்டுக்கு விற்று வாங்கினார்கள், மூக்குக் குத்தினார்கள், யாரும் கண்வைக்காத பெயரை வைத்தார்கள். பார்வைக்கு இழிவான பெயர், உள்ளே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த தாயின் பயம். உங்கள் தாத்தாவுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தால் பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லுங்கள். மதுரையில் பிறந்து கூகுளின் தலைவரான சுந்தர் பிச்சையின் பெயரை இன்று உலகமே மரியாதையோடு சொல்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்க ஆசை, பள்ளியில் கேலி வருமோ என்ற கவலை, இரண்டும் இருந்தால் அதை இரண்டாம் பெயராக வையுங்கள்.

பதிவேட்டில் ஏறும் முன்

ஜப்பானில் 1993-இல் ஒரு தந்தை மகனுக்குச் சாத்தான் என்று பொருள்படும் பெயரைப் பதியப் போனபோது பெரிய வழக்கே நடந்தது. நியூசிலாந்தில் 2008-இல், நீண்ட வேடிக்கைப் பெயரால் அவதிப்பட்ட ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பெயர் மாற்ற நீதிமன்றமே பொறுப்பெடுத்தது. ஐஸ்லாந்தில் பெயர்களை ஏற்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு குழு கிடையாது. நீங்கள் எழுதிக் கொடுப்பதுதான் பெயர். ஆகவே தடுத்து நிறுத்தி யோசிக்க வைக்கும் வேலையும் உங்களுடையதே.

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். அப்போதே பெயர் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டுக்குள் தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். மருத்துவமனையில் அவசரப்படுத்தினாலும், உறவினர் நெருக்கினாலும், இந்த ஓராண்டு உங்களுக்கு இருக்கிறது. அபூர்வப் பெயர் வைப்பவர்கள் இதில் மூன்று மாதத்தையாவது பயன்படுத்துங்கள். தாளில் எழுதாமல் வீட்டில் மட்டும் அந்தப் பெயரால் கூப்பிட்டுப் பழகுங்கள். நாக்கில் உட்காருகிறதா, அண்டை வீட்டார் தாமாகச் சொல்லத் தொடங்குகிறார்களா என்று தெரிந்துவிடும். ஒருமுறை பதிவேட்டில் ஏறிய பெயரை எழுத்துப்பிழை தவிர வேறு காரணத்துக்காக எளிதில் மாற்ற முடியாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டும் ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். அதில் இருக்கும் எழுத்தைத்தான் மற்றவையெல்லாம் பின்பற்றும்.

கையெழுத்துப் போடும் முன், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படியுங்கள். எழுதுகிறவருக்கு அந்தப் பெயர் புதிது. பழகிய பெயராக நினைத்து மாற்றி எழுதிவிடுவார். ஓரி என்று சொன்னால் ஹரி என்று ஏறிவிடும் வாய்ப்பு நிஜமாகவே உண்டு. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் இதில் இரட்டைக் கவனம் எடுக்க வேண்டும். சாதிச் சான்றிதழுக்குப் பெற்றோரின் சான்றிதழையும் பிள்ளையின் ஆவணத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குடும்ப அட்டையில் ஒன்றாகவும் ஆதாரில் ஒன்றாகவும் இருந்தால் சான்றிதழ் தள்ளிப்போகும். அதோடு கல்லூரி இடமும் உதவித்தொகையும் தள்ளிப்போகும். சோளக்காட்டிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஒவ்வொரு முறையும் அதற்காகவே நாமக்கல் போய்வருவது என்ன பாடு என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒற்றைப் பெயர் வைப்பவர்களுக்கு வெளிநாட்டு வாசலில் ஒரு தொல்லை காத்திருக்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்றது. தந்தை பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அப்பா பெயரையோ அம்மா பெயரையோ முழுமையாக விரித்து எழுதிவிடுவது நல்லது.

பள்ளியில் முதல் வாரம்

சேர்க்கையின்போதே வகுப்பாசிரியரிடம் பெயரை உச்சரித்துக் காட்டுங்கள். மாணவர் விவரங்கள் ஏறும் எமிஸ் இணையப் பதிவில் இருக்கும் எழுத்தைக் கண்ணால் பாருங்கள். பெயரின் கதையைக் குழந்தை வகுப்பில் ஒருமுறை சொல்ல வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார். கேலி பேசும் பிள்ளைகளைவிட வீட்டுப் பெரியவர்களிடம்தான் எனக்குக் கவலை. வந்த மாமன் ஒருவர், “என்னடா பேரு இது, பேசாம குமாருன்னு கூப்பிட்டுக்கலாம்” என்று குழந்தை முன்னாலேயே சொல்வார். அந்த நேரத்தில் நீங்கள் சிரித்து மழுப்பினால், பெயர் வெட்கப்பட வேண்டியது என்று குழந்தை அப்போதே கற்றுக்கொள்ளும். “இல்லீங் மாமா, ஓரின்னே கூப்பிடுங்க” என்று மரியாதையாக, ஆனால் உடனே சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று முறையில் பழகிவிடுவார்.

பட்டப்பெயர் எல்லாப் பெயருக்கும் வரும். முருகனுக்கும் வரும், செல்விக்கும் வரும். அபூர்வப் பெயரால்தான் வந்தது என்று ஒவ்வொரு கேலிக்கும் நீங்கள் பதறினால், குழந்தையும் பதறும்.

குழந்தைக்கே பிடிக்காவிட்டால்

எட்டு, பத்து வயதில் “எனக்கு இந்தப் பேரு வேண்டாம்மா” என்று பிள்ளை சொல்லக்கூடும். கோபப்படாதீர்கள், யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு பையனோ ஒரே ஒரு சம்பவமோதான் இருக்கும். அதைச் சரிசெய்தால் பெயர் தானாகத் தப்பித்துக்கொள்ளும். ஓராண்டு கழித்தும் அதே எண்ணத்தில் இருந்தால், பிள்ளையின் பேச்சை மதித்து மாற்றிக் கொடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகும் முன் மாற்றுவது எல்லோருக்கும் சுலபம். அரசின் எழுதுபொருள் அச்சுத்துறை வழியாகத் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம், நிரம்பியவர் தாமே விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் பழைய பெயரே இருக்கும் என்பதால், அரசிதழ்ப் பக்கத்தின் நகல்களைச் சான்றிதழோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, பள்ளிப் பதிவு எல்லாவற்றிலும் ஒரே மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள். பழைய பெயரை வைத்த காரணத்தையும் அப்போது பிள்ளைக்கு ஒருமுறை முழுமையாகச் சொல்லிவிடுங்கள். அந்தப் பெயரை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை அது தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும்.